குட்டிக்கு நிலைப்பல் முளைக்கவில்லையா? பல் குறைந்த இளம் நாய்களும் அவற்றின் உணவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழெட்டு மாதக் குட்டியின் வாய்க்குள் எதற்காகவோ எட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் ஈறு வெறுமையாக இருப்பதைக் கண்டவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கவலை உடனே சாப்பாட்டின் பக்கம் ஓடுகிறது: எப்படி மெல்லும், கரைத்துத்தான் ஊட்ட வேண்டுமா, கால்சியம் டானிக் வாங்கலாமா. அந்தக் கவலையில் பாதிக்கு மேல் தேவையற்றது. பல் குறைந்த நாய் நன்றாகவே சாப்பிடும். அந்தப் பல் பிறவியிலேயே இல்லையா, அல்லது தாடை எலும்புக்குள் புதைந்து கிடக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் பின்னாளில் நாயை வதைக்கிறது. அதனால் உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன் பல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

நாய்க்கு மொத்தம் எத்தனை பற்கள்? எந்த மாதத்துக்குள் வர வேண்டும்?

பால் பற்கள் 28. பிறந்த மூன்றாவது வாரத்தில் எட்டிப் பார்க்கத் தொடங்கும் இவை, மூன்று மாதத்துக்குள் முழுமையாகிவிடும். நிலைப்பற்கள் 42, மேல் தாடையில் 20, கீழ்த் தாடையில் 22. மூன்று முதல் ஐந்து மாதங்களுக்குள் முன்னால் இருக்கும் வெட்டுப்பற்கள் மாறும். அடுத்து கோரைப்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் வரும். கடைசியில் கடைவாய்ப் பற்கள். ஏழாவது மாதம் முடியும்போது எல்லாம் வெளியே தெரிய வேண்டும்.

28 எப்படி 42 ஆகிறது என்று குழம்ப வேண்டாம். முன்கடைவாய்ப் பற்களில் ஒவ்வொரு வரிசையிலும் முதலாவதாக இருக்கும் நான்குக்கும், பத்துக் கடைவாய்ப் பற்களுக்கும் பால் பல் கிடையாது. அவை நேரடியாக நிலைப்பல்லாகவே முளைக்கின்றன. ஆகவே அந்த இடங்களில் எந்தப் பல்லும் விழவில்லையே என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. விழுந்த பால் பற்கள் கண்ணில் படாததும் இயல்புதான். பெரும்பாலும் சாப்பாட்டோடு விழுங்கிவிடும். அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

வீட்டிலேயே எப்படி எண்ணுவது?

வாயைப் பிளந்து எண்ண முயன்றால் குட்டி முரண்டு பிடிக்கும். வாய் மூடியிருக்கும்போதே உதட்டை ஒரு பக்கமாகத் தூக்குங்கள். நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் மேலே ஒரு பக்கத்தில் மூன்று வெட்டுப்பற்கள், ஒரு கோரைப்பல், நான்கு முன்கடைவாய்ப் பற்கள், இரண்டு கடைவாய்ப் பற்கள்: மொத்தம் பத்து. கீழேயும் அதே வரிசைதான். கடைவாய்ப் பற்கள் மட்டும் மூன்று என்பதால் மொத்தம் பதினொன்று. கீழே கடைசியில் இருப்பது மிகச் சிறியது. அதைப் பார்க்க மட்டும் வாயைச் சிறிது திறக்க வேண்டியிருக்கும்.

ஒரு பக்கத்தோடு மறுபக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு பல் முழுதாக வளர்ந்து நின்று, வலப்பக்கம் அதே இடம் வெறுமையாக இருந்தால், தாமதம் என்று சொல்லிக் காத்திருப்பதில் பொருளில்லை. ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்தப் பற்கள் அதிகமாக இல்லாமல் போகின்றன? காரணம் என்ன?

முதல் முன்கடைவாய்ப் பல்லும், கீழ்த் தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லும்தான் அடிக்கடி இல்லாமல் போகின்றன. இரண்டுமே சிறியவை. சின்ன இனங்களிலும், பக், ஷிட்ஸு, பாக்ஸர் போன்ற தட்டை முக இனங்களிலும் இது கூடுதலாகத் தென்படுகிறது.

பெரும்பாலும் பரம்பரைதான் காரணம். அந்தப் பல்லுக்கான முளையே உருவாகியிருக்காது. சிறு வயதில் தாடையில் பட்ட அடி, கடுமையான தொற்று ஆகியவையும் முளையைச் சிதைக்கலாம். இன்னொன்றும் உண்டு. கல்லைக் கடித்து உடைந்த பல்லின் வேர் மட்டும் உள்ளே நின்றுவிட, மேலே ஈறு மூடிக்கொள்ளும். பார்ப்பதற்குப் பல்லே முளைக்காதது போலத்தான் இருக்கும்.

சின்னப் பல் ஒன்று இல்லாததற்கு எக்ஸ்-ரே வரை போக வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வெறுமையான ஈற்றைக் கண்ணால் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பல் உருவாகாமல் போயிருந்தால் அந்த இடத்தில் வலியில்லை, நோயில்லை, சிகிச்சையும் தேவையில்லை. ஆனால் பல் உருவாகி, வெளியே வர முடியாமல் எலும்புக்குள் சாய்ந்து கிடந்தால் கதை வேறு. முளைக்காத பல்லின் தலைப்பகுதியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கும். பல் வெளியே வரும்போது அந்த உறை மறைந்துவிடும். உள்ளேயே தங்கிவிட்டால் உறைக்குள் நீர் கோத்துக் கட்டியாகலாம். அந்த நீர்க்கட்டி பெருக்கப் பெருக்கச் சுற்றியுள்ள தாடை எலும்பு கரையும், பக்கத்துப் பற்களின் வேர்கள் பிடிப்பை இழக்கும். முற்றிய நிலையில் எலும்பு மெலிந்து தாடையே முறிந்துபோவதும் உண்டு. கீழ்த் தாடையின் முதல் முன்கடைவாய்ப் பல்தான் இதில் முதலிடம் வகிக்கிறது. "இல்லாவிட்டால் என்ன, சின்னப் பல்தானே" என்று விடப்படுவதும் அதே பல்தான்.

புதைந்த பல் ஒவ்வொன்றும் கட்டியாகும் என்பதில்லை. எது ஆகும், எது ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால்தான் இளம் வயதிலேயே அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கட்டி தொடங்கிவிட்டிருந்தால் பல்லோடு அதன் உறையையும் முழுமையாக அகற்ற வேண்டும். மிச்சம் வைத்தால் மீண்டும் வரும். பல் இல்லாத இடத்தில் ஈறு நீலம் பாரித்து மெத்தென்று வீங்கியிருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதே சமயம், வீக்கம் தெரியும்வரை காத்திருப்பதும் தவறு. வெளியே எதுவும் தெரியாமலேயே உள்ளே எலும்பு கரைந்திருக்கும்.

எக்ஸ்-ரேக்கு மயக்க மருந்து தர வேண்டுமாமே? எங்கே எடுப்பது?

பல்லுக்கான எக்ஸ்-ரேயில் படத்தகட்டை வாய்க்குள் வைத்து எடுக்க வேண்டும். விழித்திருக்கும் நாய் அதற்கு இடம் கொடுக்காது. இதற்கென்று தனியாக மயக்கம் கொடுக்கத் தயங்குபவர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கருத்தடை அறுவைக்காக எப்படியும் மயக்கம் தரப்போகிறார்கள். பற்கள் எல்லாம் வந்துவிடும் வயதை ஒட்டி அந்த அறுவை நடந்தால், அதே மயக்கத்தில் பற்களையும் எண்ணிப் படம் எடுத்துவிடலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எல்லா மருத்துவமனைகளிலும் பல்லுக்கான எக்ஸ்-ரே கருவி இருக்காது. தமிழ்நாட்டில் உங்கள் மருத்துவரிடம் அந்த வசதி இல்லையென்றால், சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளும் நடத்தும் மருத்துவமனைகளை விசாரித்துப் பாருங்கள்.

எட்டு மாதம் ஆகியும் பால் பல் விழவில்லை. நானே ஆட்டி எடுத்துவிடலாமா?

கூடாது. பால் பல்லின் வேர், குறிப்பாகக் கோரைப்பல்லின் வேர், வெளியே தெரியும் பகுதியைவிட நீளமானது. இழுத்தால் உள்ளே முறியும். பக்கத்தில் வளரும் நிலைப்பல்லும் சேதப்படும்.

இதில் இரண்டு நிலைமைகள் உண்டு. நிலைப்பல்லும் வந்து, பால் பல்லும் விழாமல் இரண்டும் ஒட்டி நின்றால் பால் பல்லை மருத்துவர் எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் ஒரே வகைப் பற்கள் இரண்டு இருக்கக் கூடாது என்பதே விதி. பொமரேனியன், சிவாவா போன்றவற்றில் இது மிகச் சாதாரணம். தாமதித்தால் இடுக்கில் உணவு தங்கி ஈறு அழுகும். கீழ்க் கோரைப்பல் உள்நோக்கி வளர்ந்து மேலண்ணத்தைக் குத்தும்.

பால் பல்லுக்கு அடியில் நிலைப்பல்லே இல்லாமல் இருப்பது இரண்டாவது நிலைமை. அப்போது அந்தப் பால் பல்தான் நாய்க்கு மிச்சம். அதன் வேர் உறுதியாக இருந்தால் அப்படியே விட்டுவைத்து அவ்வப்போது படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். எடுப்பதா வைப்பதா என்பதையும் எக்ஸ்-ரேதான் தீர்மானிக்கிறது.

கால்சியம் மருந்து கொடுத்தால் விடுபட்ட பல் முளைக்குமா?

முளைக்காது. பல்லின் முளைகள் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. முளையே இல்லாத இடத்தில் எத்தனை பாட்டில் கால்சியம் ஊற்றினாலும் பல் வராது. புதைந்து கிடக்கும் பல்லையும் அது மேலே தள்ளாது.

பயன் இல்லாததோடு கெடுதலும் உண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடலுக்கு, உணவில் மிகையாக வரும் கால்சியத்தைத் தேவையான அளவு தடுத்து நிறுத்தும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு மிகைக் கால்சியம் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுத்துக் கால்களைக் கோணலாக்கும். வளர்ந்தபின் ஏறத்தாழ 32 கிலோவையோ அதற்கு மேலோ எட்டும் இனங்களின் குட்டி உணவில், ஈரத்தை நீக்கிய எடையில் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையாமலும் 1.8 சதவீதத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் விலங்கு உணவுக்கான அளவுகளை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் தரநிலை. குட்டிகளுக்கென்று தயாரான முழுமையான பாக்கெட் உணவில் இந்தக் கணக்கு ஏற்கெனவே பார்க்கப்பட்டிருக்கும். அதன் மேல் டானிக்கையும் சேர்ப்பது கணக்கைக் குலைப்பதாகும்.

பல் குறைந்த நாய் எப்படி மெல்லும்? எல்லாவற்றையும் கூழாக்கித் தர வேண்டுமா?

நாய் நம்மைப் போல உணவை அரைத்து மெல்லும் பிராணி அல்ல. நமது உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. வாயில் வைத்து மெல்லுவதே நமக்குச் செரிமானத்தின் தொடக்கம். நாயின் உமிழ்நீரில் அந்த நொதி இல்லை என்றே சொல்லலாம். அது பற்றிக் கிழிக்கும், துண்டாக்கும், விழுங்கும். துண்டாக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது மேல் தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லும்தான். இரண்டும் பாக்குவெட்டியின் அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும். இந்த இரண்டு ஜோடிகளும் நன்றாக இருக்கும்வரை, முதல் முன்கடைவாய்ப் பல் இல்லாததை நாய் உணரப்போவதுகூட இல்லை. உணவு முறையை மாற்றவே வேண்டாம்.

ஐந்தாறு பற்களுக்கு மேல் குறைந்திருக்கும்போது சின்ன மாற்றங்கள் உதவும். உலர் உணவில் சிறிய மணிகளாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துத் தரலாம். நம் ஊர் வெயிலில் ஊறிய உணவு சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கோழியை நீளநீளமாகப் பிய்க்காமல் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். வெட்டுப்பற்களும் கோரைப்பற்களும் இல்லாத நாய்க்குக் குழிந்த கிண்ணத்தைவிட விளிம்புள்ள தட்டு வசதி. நாக்கால் வாரி எடுத்துக்கொள்ளும்.

போதுமான அளவு சாப்பிடுகிறதா என்பதற்குப் பற்களின் எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். உள்ளங்கையை விலாவின் மேல் வைத்துத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

ஒரு பக்கமாகவே கடிக்கிறது, உணவைக் கீழே போடுகிறது. பல் இல்லாததாலா?

இல்லாத பல் வலிக்காது. ஒரு பக்கமாகக் கடிப்பது, தலையைச் சாய்த்துக்கொண்டு தின்பது, வாயில் எடுத்ததைக் கீழே போடுவது, கிண்ணத்தில் ரத்தக் கறை, வாய் நாற்றம் ஆகியவை எல்லாம் வலியின் அடையாளங்கள். உடைந்த பல், ஈற்றுத் தொற்று, புதைந்த பல்லின் கட்டி, பற்களுக்கிடையே சிக்கிய எலும்புத் துணுக்கு என்று ஏதோ ஒன்று இருக்கிறது. உணவை மிருதுவாக்கிச் சமாளித்தால் நாய் சாப்பிட்டுவிடும், நோய் மறைந்துகொள்ளும்.

பல் மாறும் மாதங்களில் சரியாகச் சாப்பிட மறுக்கிறதே?

நான்கு முதல் ஆறு மாதம் வரை ஈறு சிவந்து நமைச்சலாக இருக்கும். சில வேளை பாதி சாப்பாட்டில் எழுந்து போய்விடும். உணவை ஊறவைத்துத் தாருங்கள்; ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள். இந்த வயதில் ஒரு நாளைய உணவை மூன்று வேளையாகப் பிரித்துத் தருவது நல்லது. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் அது பல் மாறுவதால் அல்ல. வாந்தியோ பேதியோ சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மிகச் சின்ன இனக் குட்டிகள் ஓரிரு வேளை பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டு விழும்.

எங்கள் வீட்டில் சோறும் கோழியும்தான். போதாதா?

வெந்த சோறு நாய்க்கு நன்றாகவே செரிக்கும். அதில் ஐயம் வேண்டாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகச் சொற்பம். சோறும் இதை ஈடுகட்டாது. மாதக்கணக்கில் இதையே தின்று வளரும் குட்டியின் உடல், ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்கத் தன் எலும்பிலிருந்தே உருவத் தொடங்கும். தாடை எலும்பு இளகிப் பற்கள் ஆடும், கால் எலும்புகள் சின்னத் துள்ளலிலேயே முறியும். கால்சியம் சேர்க்க வேண்டிய குட்டி இதுதான். பாக்கெட் உணவு தின்னும் குட்டி அல்ல. சேர்க்கும் அளவை எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மருத்துவர் கணக்கிட்டுத் தரட்டும்.

பாலும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்புமே தவிர வளர்க்காது. தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் பேதியைத் தரும். பல் இல்லை என்று பரிதாபப்பட்டு மெத்தென்றதையெல்லாம் ஊட்டும் வீடுகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

எலும்பு கொடுத்தால் பல் உறுதியாகும் என்கிறார்களே?

உறுதியாகாது, உடையும். பிரியாணியில் வெந்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். பச்சையான பெரிய தொடையெலும்பு, மாட்டுக் குளம்பு, மான்கொம்பு போன்றவை உணவைத் துண்டாக்கும் மேல் தாடையின் அந்தப் பெரிய நான்காவது முன்கடைவாய்ப் பல்லைச் சில்லாகப் பெயர்த்துவிடும். ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த வாயில் இருக்கும் பற்களையும் இழக்க வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டி. பற்கள் இருக்கின்றன, ஆனால் பழுப்பாகக் குழிகுழியாக இருக்கின்றன.

சிறு குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் நோயோ கடுமையான காய்ச்சலோ தாக்கியிருக்கலாம். அந்த வாரங்களில் உருவாகிக்கொண்டிருந்த பற்களின் எனாமல் சரியாகப் படியாமல் போகும். சில பற்கள் வளர்ச்சி குன்றி வெளியே வராமலும் நின்றுவிடும். எனாமல் இல்லாத பல் கூசும். குளிர்ந்த நீரைக் கண்டு தயங்கும். மருத்துவர் அதன் மேல் பூச்சுப் பூசிப் பாதுகாக்க முடியும். உணவை இதமான சூட்டில், ஊறவைத்துத் தாருங்கள். பெற்றது டிஸ்டெம்பர்தானா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் தடுப்பூசி அட்டவணையை விடாதீர்கள்.

முடியும் இல்லை, பல்லும் இல்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. முடி, பல், வியர்வைச் சுரப்பி மூன்றும் கருவின் வெளி அடுக்கிலிருந்து உருவாகின்றன. சைனீஸ் கிரெஸ்டட், மெக்சிகோவின் சோலோ, பெரு நாட்டின் முடியில்லா நாய் ஆகிய மூன்றுக்கும் முடியின்மைக்குக் காரணம் ஃபாக்ஸ்ஐ3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே மாற்றம்தான் என்பது 2008-இல் கண்டறியப்பட்டது. அந்த மாற்றம் பற்களையும் விட்டுவைப்பதில்லை. முன்கடைவாய்ப் பற்கள் பலவும் இல்லாமல், கோரைப்பற்கள் முன்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதே ஈற்றில் முடியோடு பிறக்கும் உடன்பிறப்புகளுக்குப் பற்கள் முழுமையாக இருக்கும்.

ஜெர்மன் ஷெப்பர்டில் வேறொரு பரம்பரைக் குறை அறியப்பட்டிருக்கிறது. ஆண் குட்டிகளையே பெரிதும் தாக்கும் அதில் நெற்றியிலும் முதுகிலும் முடி இராது. இருக்கும் சில பற்களும் கூம்பு வடிவில் இருக்கும். கண் வறட்சியும் அடிக்கடி நுரையீரல் தொற்றும் வரும். முடியில்லா இனத்தைச் சேராத குட்டியில் இப்படிக் கண்டால் பல்லோடு நிறுத்தாமல் முழு உடலையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்குகிறது. சிகிச்சை தேவையா?

கீழ்க் கோரைப்பல் இல்லாத பக்கம் நாக்குக்குத் தடுப்பு இல்லை, அதனால் சரிகிறது. சாப்பிடவும் குடிக்கவும் தடையில்லை. நாக்கின் நுனி காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். செயற்கைப் பல் கட்டத் தேவையில்லை.

பல் குறைந்த நாயைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாமா? இணை சேர்க்கலாமா?

இனத்துக்கு இனம் விதி மாறும். ஜெர்மன் ஷெப்பர்டுக்கான உலக நாய்ச் சம்மேளனத்தின் தரவிதிப்படி ஒரு கோரைப்பல் இல்லாவிட்டாலோ, மொத்தம் மூன்று பற்கள் குறைந்தாலோ தகுதி போய்விடும். முடியில்லாச் சோலோவில் பற்குறை குற்றமாகக் கருதப்படுவதில்லை.

இணை சேர்ப்பதைப் பொறுத்தவரை, பல பற்கள் இல்லாத நாயை விட்டுவிடுவதே என் கருத்து. ஒரு சின்னப் பல் குறைந்த நல்ல நாயை ஒதுக்க வேண்டியதில்லை; ஆனால் அதே குறை உள்ள இன்னொன்றோடும், நெருங்கிய ரத்த உறவோடும் சேர்க்கக் கூடாது. எண்ணிக்கை சுருங்கிவிட்ட ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் இனங்களை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு ஈற்றிலும் குட்டிகளின் பற்களை எண்ணிப் பதிவு செய்தால், எந்த வழியில் குறை வருகிறது என்று அவர்களே கண்டுகொள்ளலாம். குட்டியை வாங்கிப்போனவரிடம் ஏழாவது மாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு எழுதிவைத்தாலே போதும்.